எங்கள் நாற்பது ஆண்டுப் பழைய வீட்டின் உள்சுவரில் பெயிண்ட் உரிகிறது. மேலேயே அடிக்கலாம் என்கிறார் பெயிண்டர். முழுவதும் சுரண்ட வேண்டுமா, மேலேயே அடித்துவிடலாமா?

மேலேயே அடிக்கலாம் என்று உங்கள் பெயிண்டர் சொல்வதை ஏற்காதீர்கள். அதே சமயம் சுவர் முழுவதையும் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எவ்வளவு எடுப்பது என்பதை அடியில் இருக்கும் அடுக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாற்பது ஆண்டுப் பழைய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட சுவர்களில் பெரும்பாலும் அடியில் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பும், அதன்மேல் டிஸ்டெம்பர் என்ற மலிவான தண்ணீர்ப் பெயிண்டும், கடைசியில் எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் பெயிண்டும் இருக்கும். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் நாளடைவில் மாவாகிவிடும். எமல்ஷன் காயும்போது படலமாக இறுகும் என்பதால், பிடிப்பில்லாத அந்த மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. நாகப்பட்டினத்தில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தைச் சுரண்டியபோது உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்த ஒரு சில்லில், வெளிர்பச்சை எமல்ஷனும், அதன்கீழ் ரோஸ் டிஸ்டெம்பரும், அதற்கும் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பும் வரிவரியாகத் தெரிந்தன. பின்பக்கத்தைத் தடவினால் விரலில் வெள்ளை மாவு ஒட்டியது. உங்கள் சுவரிலிருந்தும் ஒரு சில்லை எடுத்து இப்படித் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டினால் அந்தச் சுவரில் சுண்ணாம்பை முழுவதுமாக எடுத்துவிடுவதே நல்லது. பின்பக்கம் வழுவழுப்பாக இருந்தால், தானாக விட்டுக்கொடுக்கும் பகுதியை மட்டும் எடுத்து, உறுதியாகப் பிடித்திருக்கும் பெயிண்டை அப்படியே விட்டுவிடலாம்.

சுரண்டத் தொடங்குமுன் சுவரில் ஓதம், அதாவது உள்ளிருந்து வரும் ஈரம், இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறையை ஒட்டிய சுவரிலோ, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள்ளோ மட்டும் உரிந்து, வெள்ளையாக உப்பும் பூத்திருந்தால் காரணம் தண்ணீர்தான். ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒருநாள் விட்டுப் பார்த்தால், ஈரம் உள்ளிருந்து வரும் சுவரில் தாளின் உட்புறம் வியர்த்திருக்கும். கசிவை அடைத்துச் சுவரை உலரவிடாமல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் உரியும். பூத்திருக்கும் உப்பைக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போகும். உலர்ந்த பிரஷால் தட்டிச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும்.

அடுத்ததை நான் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். பழைய வீடுகளில் அழுக்குத் தெரியாமல் இருக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் நான்கடி உயரத்துக்கு ஆயில் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் இருந்தது. அதில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆபத்தானது. ஆகவே அந்தப் பகுதியை உலர்நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ, மெஷின் வைத்து இழைக்கவோ, தீயால் சுட்டு உரிக்கவோ விடாதீர்கள். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் அனுமதிக்காதீர்கள். சுரண்டுபவர் துணியைக் கட்டிக்கொள்வது போதாது, தூளை வடிகட்டும் முகக்கவசம் அணிய வேண்டும்.

சுரண்டும் முறை எளிதுதான், பொறுமைதான் வேண்டும். சாமான்களை வெளியேற்றி, தரையில் கெட்டியான பாலிதீன் விரித்து, ஸ்விட்ச் போர்டுகளில் தண்ணீர் படக்கூடும் என்பதால் மெயினை அணைத்துவிடுங்கள். ஒருவர் ஒரே மூச்சில் சுரண்டி முடிக்கக்கூடிய அளவு இடத்தில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளித்து, கால்மணி நேரம் ஊறவிட்டு, மறுபடியும் ஒருமுறை தெளியுங்கள். சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் ஊறிவிட்டால் சுரண்டும் தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினாலே குழைந்து வரும். செங்குத்தாகப் பிடித்தால் பூச்சில் குழி விழும். தகட்டின் இரண்டு முனைகளையும் அரத்தால் சற்று மழுக்கிக்கொள்வது நல்லது. சுரண்டியதை ஈரமாக இருக்கும்போதே மூட்டை கட்டிவிட்டு, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெயிண்ட் ரிமூவர் என்ற ரசாயனத்தை மூடிய அறையில் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடங்களில் பூச்சே செங்கலை விட்டுவிட்டது என்று பொருள். அங்கே கொத்திவிட்டுக் கொத்தனாரைக் கொண்டு புதிதாகப் பூசுங்கள். புதுப்பூச்சு நன்றாக உலர ஏறக்குறைய ஒரு மாதம் விட வேண்டும். பழைய பெயிண்டும் வெற்றுச் சுவரும் சந்திக்கும் விளிம்புகளை, ஈயச் சந்தேகம் இருந்தால் ஈரமாகவே, உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கி, சுவரைச் சமப்படுத்தும் பட்டியை மெல்லியதாக இரண்டு முறை பூசி, பிடிப்புக்கான அடிப்பூச்சாகிய பிரைமர் அடித்த பின்பே எமல்ஷன் அடிக்கலாம்.

பெயிண்டரிடம் பேசும்போது சுரண்டும் கூலியைத் தனியாகவும் அடிக்கும் கூலியைத் தனியாகவும் பேசுங்கள். சுரண்டி முடித்த சுவரை நீங்களே கையால் தடவிப் பார்த்து, மாவு ஒட்டவில்லை என்று உறுதியான பிறகு பட்டிக்குச் சம்மதியுங்கள்.