தானாக மடிந்த சட்டை

கேள்வி: எங்கள் தலைமுறையில் ஆண், பெண் பேதம் பார்க்கிறவர்கள் குறைவு. பழைய ஆட்கள் ஒதுங்கி நாங்கள் பொறுப்புக்கு வரும்போது சமத்துவம் தானாகவே வந்துவிடும் என்று நம்புகிறேன். உங்களுக்கு அந்த நம்பிக்கை உண்டா?
- கல்லூரி மாணவன், வயது 19

பதில்: உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனமில்லை, தம்பி. ஆனால் கேள்வியைப் படித்தபோது 'தானாகவே' என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். உருண்டான் என்றால் தன்வினை. உருட்டினான் என்றால் பிறவினை. தமிழில் இப்படி ஏராளமான ஜோடிகள்: நிறைந்தது, நிறைத்தாள், திருந்தியது, திருத்தினாள், காய்ந்தது, காய வைத்தாள். வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் வாயில் முதல் சொல்தான் வரும். "துணி காய்ந்துவிட்டதா?" "தண்ணீர் நிறைந்துவிட்டதா?" காய வைத்த கையும் நிறைத்த கையும் அந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

நான் வளர்ந்ததும் அப்படித்தான். கழற்றிப் போட்ட சட்டை இரண்டு நாளில் மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கும். பித்தான் அறுந்து போன சட்டை பித்தானோடு திரும்பி வரும். அதே வீட்டில் வளர்ந்த என் அக்காவுக்கு எந்தச் சட்டையில் காலர் நைந்திருக்கிறது, எதை உள்பக்கம் திருப்பிக் காயப்போட வேண்டும், எந்தப் பித்தானுக்கு என்ன நிற நூல் என்பதெல்லாம் அத்துபடி. இருவருக்கும் ஒரே அலமாரிதான். எனக்கு அது தன்வினை, அவளுக்குப் பிறவினை. உலகம் முழுக்கச் சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலையில் நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்குக் காட்டியது. மீதிப் பேருக்கு அந்த வேலையெல்லாம் தானாக நடக்கிறது. அப்படி வளர்ந்த பிள்ளைக்குச் சமத்துவமும் தானாக வரும் என்று தோன்றினால் அதில் என்ன ஆச்சரியம்?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு 'கிடைத்தது' என்ற சொல்லோடு எனக்குள்ள பகை தெரியும். "1893இல் நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது" என்று யார் எழுதிக் கொடுத்தாலும் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'வாங்கினார்கள்' என்று திருத்துவேன். வழியில் கிடந்த காசா அது, கிடைப்பதற்கு? அந்த வாக்குரிமைப் போராட்டத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழிகளும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். 1891இல் மனு கொடுத்தார்கள், நடக்கவில்லை. 1892இல் மறுபடி கொடுத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. 1893இல் கையெழுத்துப் போட்டவர்கள் ஏறத்தாழ 32,000 பெண்கள். அந்த ஆண்டின் பெரிய மனுவுக்கு மட்டும் 546 தாள்கள். ஒன்றோடொன்று ஒட்டியபோது நீளம் 270 மீட்டரைத் தொட்டது. அதைச் சுருட்டி வைக்க ஷெப்பர்ட் எடுத்தது என்ன தெரியுமா? ஒரு துடைப்பக் கட்டை! ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோய் நடைவழியில் விட, தாள் முழுவதும் விரிந்து கட்டை எதிர்ச்சுவரில் போய் இடித்தது. உருண்டது என்று நான் எழுத மாட்டேன். உருட்டினார்கள்.

அந்தத் 'தானாக' ஒரு நாள் நின்றும் போயிருக்கிறது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் சேர்த்தே நிறுத்தினார்கள். அப்பாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வானொலியில் செய்தி வாசித்தவருக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது. மறு ஆண்டே ஐஸ்லாந்து நாடாளுமன்றம் சமவுரிமைச் சட்டம் இயற்றியது. 1980இல் விக்டிஸ் ஃபின்போகடோட்டிரை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் வென்று அதிபரான உலகின் முதல் பெண் அவர்தான்.

சரி, வயது விஷயத்துக்கு வருவோம். பழைய ஆட்கள் போனால் பழைய எண்ணமும் போய்விடும் என்கிறீர்கள். 2022இல் தென் கொரிய அதிபர் தேர்தலில், வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில், இருபதுகளில் இருந்த ஆண்களில் பாதிக்கு மேல் ஒரு பக்கம், அதே வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் எதிர்ப்பக்கம். அந்த ஆண்கள் ஆதரித்தவர்தான் வென்றார். அவர் பாலினச் சமத்துவ அமைச்சகத்தையே கலைப்பேன் என்று வாக்குக் கேட்டவர். ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள்தானே இவர்கள் எல்லோரும்! எனக்கு அது மனசைப் பிசைந்த செய்தி.

இப்போதைய வேகத்தில் போனால் முழுச் சமநிலைக்கு இன்னும் 123 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை. அப்போது உங்களுக்கு வயது 142.

எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டீர்களே, உண்டு. உங்கள் கேள்வியில் 'நாங்கள்' என்றும் ஒரு சொல் இருக்கிறது, அதை நம்புகிறேன். 'வந்துவிடும்' என்பதை எடுத்துவிட்டு, அந்த 'நாங்கள்' பக்கத்தில் 'கொண்டுவருவோம்' என்று போட்டுப் பாருங்கள். அப்புறம், உங்கள் சட்டையை யார் மடிக்கிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.