புது டேப் வந்த பிறகு வரும் சில்லறைப் புலம்பல்கள்: கேள்வி பதில்

போன மாதம் என் பழைய டேப்லெட்டை மாற்றினேன். ஆறு வருடம் உழைத்தது. கடைசி ஒரு வருடம் சார்ஜர் ஒயரோடுதான் அதன் வாழ்க்கை. புதியது வந்த முதல் வாரம் சந்தோஷத்தைவிட முனகல்தான் அதிகம். அதைச் சொன்னதும் 'எனக்கும் இதே கதைதான்' என்று ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டார்கள். நிறைய டேப்களைத் திறந்து மூடியவன் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: 8 அங்குலத்திலிருந்து 11 அங்குலத்துக்கு மாறினேன். படம் பார்க்க அருமை. ஆனால் பத்துப் பக்கம் படிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. கூடியது 3 அங்குலம்தானே?

பதில்: அந்த 3 அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. நீள அகல விகிதம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 11 அங்குலத் திரையின் பரப்பு 8 அங்குலத்தைப் போலக் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. பழைய டேப் இரண்டை ஒட்டவைத்துக் கையில் பிடித்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் கையைப் படுத்துகிறது. ஓரத்தை ஒரு கையால் பிடித்தால் கனமெல்லாம் கையைவிட்டுத் தள்ளி நிற்கும், துடைப்பத்தை நுனியில் பிடித்துத் தூக்குவது மாதிரி. குறுக்குவாட்டில் பிடித்தால் இன்னும் மோசம். படிக்கும்போது நெடுக்குவாட்டில் பிடித்து, கீழ்விளிம்பை வயிற்றிலோ தலையணையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். அப்புறம், கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். கீபோர்டு வைத்த கவர்கள் சில, டேப்பின் எடைக்கே வந்துவிடும். நான் இரவில் கவர் இல்லாமல்தான் படிக்கிறேன். மல்லாந்து படுத்துத் தலைக்கு மேல் மட்டும் பிடிக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் 8 அங்குலம் மூக்கில் விழுவதும் 11 அங்குலம் விழுவதும் ஒன்றல்ல, பட்டவன் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, சார்ஜ் ஏறும்போது டேப்பின் பின்பக்கத்தைத் தடவினால் விரலில் 'விர்ர்' என்று ஏதோ ஓடுகிறது. அம்மா 'ஷாக் அடிக்கிறது, திருப்பிக் கொடு' என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: உலோக உடம்பு, இரண்டு பின் சார்ஜர், சரிதானே? இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

சார்ஜருக்குள் மின்சாரம் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் மின் இரைச்சலை, அதாவது மின்சாரத்தில் கலந்து வரும் வேண்டாத அதிர்வுகளை, அடக்குவதற்காக இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி மின்தேக்கியைப் போட்டிருப்பார்கள். அதன் வழியே மிகமிகச் சிறிய அளவில் மின்னோட்டம் கசியும். இரண்டு பின் சார்ஜரில் அது இறங்கிப் போக எர்த் கிடையாது. அதனால் டேப்பின் உலோகத்தில் காத்திருந்து, நீங்கள் தொட்டதும் உங்கள் வழியாகத் தரைக்குப் போகிறது. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் பெரும்பாலும் தெரியாது. விரல் நுனியால் லேசாகத் தடவினால்தான் அந்தச் சொரசொரப்பு தெரியும். வெறுங்காலோடு தரையில் நின்றால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தடவிப் பாருங்கள். உணர்வு அதோடு நின்றுவிட்டால் நான் சொன்ன கசிவுதான். தரச்சான்று உள்ள சார்ஜர் என்றால் ஆபத்தில்லை. எர்த் இணைப்பு உள்ள மூன்று பின் சார்ஜர் கிடைத்தால், அல்லது டேப்புக்குப் பிளாஸ்டிக் கவர் மாட்டினால், இந்தத் தொல்லையே இருக்காது. ஆனால் 'சுரீர்' என்று குத்தினாலோ, சார்ஜர் தொட முடியாத அளவுக்குச் சுட்டாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ அம்மா சொன்னதுதான் சரி. திருப்ப வேண்டியது டேப்பை அல்ல. தூக்கிப் போட வேண்டியது சார்ஜரை.

கேள்வி: மேலே உள்ளதைப் படித்தேன். எனக்கு ஷாக் எதுவும் இல்லை, ஆனால் சார்ஜில் இருக்கும்போது திரை தானாகத் தாவுகிறது. நான் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது.

பதில்: இதுவும் சார்ஜர் குடும்பத்துச் சண்டைதான். தொடுதிரை உங்கள் விரல் ஏற்படுத்தும் நுண்ணிய மின் மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மட்டமான சார்ஜர் இரைச்சலை உள்ளே அனுப்பினால், எது விரல், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாது. வேறு நல்ல சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போதும் தாவினால் அது திரைக்கோளாறு. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பெட்டியில் சார்ஜர் இல்லை. பழைய போன் சார்ஜரில் போட்டால் காலையில் போட்டது மாலையில்தான் நிறைகிறது. புது பேட்டரி இப்படியா இருக்கும்?

பதில்: பேட்டரி பாவம். டேப் பேட்டரிகள் பல 30 வாட்-ஹவர் பக்கம் இருக்கும். பழைய போன் சார்ஜரின் வயிற்றில் பொடி எழுத்தில் 5V 1A என்று போட்டிருக்கிறதா? 5 வோல்ட், 1 ஆம்பியர். மொத்தம் 5 வாட். முப்பதை ஐந்தால் வகுத்தால் ஆறு மணி நேரம். சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஏழு, எட்டு. நடுவில் நீங்கள் படமும் பார்த்தால் ஏறுவதும் இறங்குவதும் சமம். 20 வாட்டுக்கு மேல் உள்ள யூஎஸ்பி பிடி (பவர் டெலிவரி என்ற வேகச் சார்ஜ் முறை) சார்ஜரும் இரு முனையும் சி வகையான கேபிளும் போதும்.

இன்னொன்று: முதல் இரண்டு மூன்று நாள் பேட்டரி வேகமாக இறங்கினால் கவலைப்படாதீர்கள். ஆப்களை இறக்குவது, போட்டோக்களை ஒத்திசைப்பது, தேடலுக்காக எல்லாவற்றையும் பட்டியலிடுவது என்று பின்னால் நிறைய வேலை ஓடும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸில் எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: படித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரீன் அணைந்துவிடுகிறது. நேரத்தை 10 நிமிடமாகக் கூட்டியும் பயனில்லை.

பதில்: கவரைப் பின்னால் மடித்துப் பிடிக்கிறீர்களா? நானும் இதில் இரண்டு மாலைப் பொழுதை இழந்தேன். செட்டிங்ஸை எல்லாம் கிளறினேன், கடைசியில் முழுதாக ரீசெட்டே செய்தேன். மறுபடியும் அணைந்தது. மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: முன்மூடியைப் பின்னால் மடித்து, அது சற்றே வழுக்கி நகர்ந்தபோதெல்லாம் திரை கண்ணை மூடியது. மூடியில் காந்தம் இருக்கிறது. அது அருகில் வந்தால் 'கவர் மூடப்பட்டது' என்று எடுத்துக்கொள்ளும் உணரி டேப்பின் ஓரத்தில் இருக்கிறது. டேப்பின் அளவுக்கென்றே செய்யாத கவர்களில் காந்தம் தப்பான இடத்தில் இருப்பதுண்டு. மூடியைத் தொங்கவிட்டுப் பிடித்துப் பாருங்கள், அல்லது செட்டிங்ஸில் கவரால் திரை அணையும் வசதியை நிறுத்துங்கள். லேப்டாப் மேல் டேப்பை வைத்தாலும் இதே கூத்து நடக்கலாம்.

கேள்வி: 120 ஹெர்ட்ஸ் திரை என்று கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். வித்தியாசமே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?

பதில்: முதலில் செட்டிங்ஸில் அது இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி சேமிப்பு ஓடினால் பல டேப்கள் தாமாகவே 60-க்கு இறங்கிவிடும். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கணக்கு. 60-இல் சுமார் 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை மாறும், 120-இல் 8.3-க்கு ஒருமுறை. நீளமான பக்கத்தை விரலால் தள்ளி, அது ஓடும்போதே எழுத்தைப் படித்துப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால் பழைய டேப்பை எடுத்து அதே பக்கத்தைத் தள்ளுங்கள். கூடும்போது தெரியாது, குறையும்போது உறுத்தும்.

சினிமாவில் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அது நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்)தான். ஒரே ஒரு லாபம், 120-ஐ 24 மீதியில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் லேசான திக்கல் குறையலாம். வித்தியாசம் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். அடுத்த முறை அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கேள்வி: 128 ஜிபி வாங்கினேன். காலி இடம் 100-க்கும் கீழே காட்டுகிறது. மீதி எங்கே?

பதில்: இரண்டு இடத்தில். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; சில மென்பொருள்கள் 1024, 1024-ஆக எண்ணும். அந்தக் கணக்கில் 128 என்பது 119 ஆகிவிடும். மீதி இயங்குதளமும் கூடவே வந்த ஆப்களும். கேட்காமலே குடியேறிய விளையாட்டுகளை நீக்கினால் கொஞ்சம் மீளும்.

கேள்வி: படம் பார்த்தால் மேலும் கீழும் தடிமனான கறுப்புப் பட்டை. என் தம்பியின் டேப்பில் இவ்வளவு இல்லை.

பதில்: உங்களுடையது 4:3 (அகலம்:உயரம்) திரையாக இருக்கும், தம்பியுடையது 16:10. இன்றைய வீடியோக்கள் பெரும்பாலும் 16:9. அதை 4:3-இல் போட்டால் திரையின் கால்பங்கு கறுப்பாகவே போகும், 16:10-இல் பத்தில் ஒரு பங்குதான். பதிலுக்கு, பிடிஎஃப் படிக்கும்போது தம்பி உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்.

கேள்வி: என் பிரச்சினை பட்டை இல்லை சார், படமே மங்கல். இணைய வேகம் நன்றாக இருக்கிறது, திரையும் நல்ல திரை.

பதில்: ஆண்ட்ராய்டா? அப்படியென்றால் வைட்வைன் அளவைப் பாருங்கள். படங்களைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் பூட்டு அது. அதன் உயர்ந்த நிலையான எல்1 சான்று உள்ள கருவிகளுக்குத்தான் பல படச் சேவைகள் எச்டி தரத்தில் அனுப்பும். கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால் எவ்வளவு நல்ல திரையானாலும் பழைய டிவி தரம்தான் வரும். படச் சேவையின் ஆப்பிலேயே சில சமயம் இந்த விவரம் இருக்கும். எல்3 என்று தெரிந்தால், படம் பார்க்கத்தான் வாங்கினேன் என்றால், திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். இது பழகிப்போகும் குறை இல்லை.

கேள்வி: இருட்டறையில் கறுப்புத் திரையின் மூலைகளில் வெள்ளையாக ஏதோ கசிகிறது. இதுவும் திருப்ப வேண்டியதா?

பதில்: எல்சிடி திரைக்குப் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும், ஓரத்தில் கொஞ்சம் கசியும். வழக்கமான வெளிச்சத்தில், வழக்கமாகப் பார்க்கும் படத்தில் கண்ணில் பட்டால் மட்டும் திருப்புங்கள். போனில் போட்டோ எடுத்து அளக்காதீர்கள்; கேமரா இருட்டில் அந்தக் கசிவைப் பெருக்கிக் காட்டும்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்வதுதான் நரகம். கீபோர்டு அகலமாகிவிட்டது, கட்டைவிரல் நடுவுக்கு எட்டவில்லை.

பதில்: என் முதல் முனகலும் இதுதான். கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டில் கீபோர்டை மிதக்கவிடும் வசதி இருக்கிறது. ஐபேடில் கீபோர்டின் மேல் இரு விரலால் கிள்ளினால் சுருங்கிப் போன் அளவுக்கு வந்துவிடும். அதை இழுத்து வலது மூலையில் வைத்தால் ஒரு கட்டைவிரல் போதும். மேஜையில் வைத்துத் தட்டுபவர் என்றால் தமிழ்99 என்ற விசை அமைப்பைப் பழகுங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். இரண்டு கையும் மாறிமாறி வேலை செய்வதால் அகலமான கீபோர்டு அங்கே வரம்.

கேள்வி: வாட்ஸாப்பை டேப்பில் போட்டால் போனில் போய்விடுமா? வேறென்ன வசதிகள் டேப்பில் இருக்காது?

பதில்: போகாது. 'இணைக்கப்பட்ட கருவி'யாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம். போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் விட்டால் மட்டும் டேப்பில் வெளியேற்றிவிடும். இல்லாதவை என்றால், ஐபேடில் அதிர்வு மோட்டார் கிடையாது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. வழிகாட்டியாக வண்டியில் மாட்ட நினைப்பவர்கள் இதை முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய டேப்பை இன்றே அழித்துத் தங்கைக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: இன்றே வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும். ஓடிபி எண் உருவாக்கும் ஆப் அதில் இருந்தால் முதலில் அதைப் புதியதுக்கு மாற்றுங்கள். அழித்துவிட்டு உங்கள் கணக்குகளுக்கே வெளியில் நின்று கதவைத் தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், ரீசெட் செய்யும் முன் உங்கள் கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறுங்கள். இல்லாவிட்டால் தங்கை டேப்பைத் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும்.

கொடுப்பதற்கு முன் அதை மேஜையில் தட்டையாக வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரி சுற்றினாலோ, திரை ஓரத்தில் இடைவெளி விட்டு மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியென்றால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடவும் பார்க்காதீர்கள். தங்கைக்குக் கொடுக்க வேண்டாம், பேட்டரி மாற்றித் தருபவரிடம் கொண்டுபோங்கள். என்னுடையதை நேற்று சுழற்றினேன், ஒன்றரைச் சுற்று சுற்றியது.