துவாந்தே கால்வாயில் லாக் தாண்ட வேண்டுமா?

ரங்கூனிலிருந்து சொந்தப் படகில் துவாந்தே கால்வாய் வழியாக ஐராவதிப் பக்கம் போனால் லாக் (தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டி) தாண்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 35 கிலோமீட்டர் கால்வாய். இரண்டு பக்கமும் கடல் ஓதம் எட்டும் ஆறு, கதவே இல்லை. நீரோட்டம் பார்த்துக் கிளம்பினால் டீசல் மிச்சம்.

லாக் இருப்பது பாகோ–சிட்டாங் கால்வாயில் (நம்மவர் வாயில் இன்னும் பெகுதான்). சிட்டாங் ஆற்று முகத்துவாரத்தில் ஓத அலை சுவர் மாதிரி எழும்பி வரும். அதில் சிக்காமல் போகத்தான் அந்த வழி. லாக்குக்குள் படகு போனதும் பின்கதவை மூடி, மதகைத் திறந்து, மட்டத்தைச் சமமாக்குவார்கள். அப்புறம்தான் முன்கதவு. அதுவரை தண்ணீரே கதவை அழுத்திப் பிடித்திருக்கும்.

கயிற்றை மட்டும் முடிச்சுப் போடாதீர்கள். கம்பத்தில் ஒரு சுற்று, முனை கையில். தண்ணீர் இறங்கும்போது முடிச்சு இறுகினால் படகு சுவரில் தொங்கும். கத்தி தேட வேண்டியதுதான்.