கொல்லிமலையில் புல்லட்டும் ரேஸ் வண்டியும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. சொந்த ஊர் ராசிபுரம் பக்கம், வேலை ஓசூரில். அப்பாச்சி ஆர்ஆர் 310 என்ற ரேஸ் மாதிரி பைக் வைத்திருக்கிறேன். என் சித்தப்பா பழைய புல்லட்காரர். காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால் கியர். அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள். ராயல் என்ஃபீல்டின் புல்லட், கிளாசிக், மீட்டியார் தவிர வேறு வண்டிக்கு அதில் இடம் கிடையாது. இருந்தாலும் பொங்கல் லீவில் கொல்லிமலைக்குப் போனபோது என்னையும் கூப்பிட்டார்.

மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் அவர்களோடுதான் போனேன். அந்த வேகத்தில் ஓட்டினால் என் வண்டி சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் மலை ஏற ஆரம்பித்ததும் முன்னால் போய்விட்டேன். மலை மேல் சோளக்காட்டில் டீ குடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் வந்து சேர்ந்ததும் எல்லார் முன்னாலும் சித்தப்பா சத்தம் போட்டார். "பிளாஸ்டிக் வண்டிக்காரனுக்கு ரோட்டு மரியாதை தெரியாது" என்றார். நானும் வாயை விட்டுவிட்டேன். "உங்க வண்டியால வேகமா போக முடியல, அதான் மெதுவா போறதைப் பெருமைன்னு சொல்லிக்கிறீங்க" என்றேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

எங்கே போனாலும் இதே சண்டைதான். அவர்கள் எங்களைக் கொசு என்கிறார்கள். நாங்கள் அவர்களை டிராக்டர் என்கிறோம். எது நிஜமான ரைடிங்? இது வெறும் வயசு வித்தியாசம்தானா? வண்டியை விற்றுவிட்டு மீட்டியார் வாங்கிக்கொள், சித்தப்பா சரியாகிவிடுவார் என்கிறார் அம்மா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., ஓசூர்

*

அன்புள்ள எஸ்.,

மலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டாகக் கிளம்பிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் முன்னே போனது தப்பு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீங்கள் எங்காவது சறுக்கி விழுந்திருந்தால் என்ன ஆவது என்று, பின்னால் வந்தவர் ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஏறியிருப்பார். சோளக்காட்டில் வெடித்த கோபத்தில் பாதிக்கு மேல் அந்தப் பயம்தான். அதை அவர் உங்கள் வண்டி மேல் இறக்கியது அவருடைய தப்பு. நீங்கள் முந்திப் போனதற்கும் உங்கள் வண்டியில் பிளாஸ்டிக் மூடி இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் திருப்பிச் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

சித்தப்பாவின் 350 இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். உங்களுடையதில் விட்டம் 80, ஓட்டம் 62 சொச்சம். ஒரு சுற்றுக்கு அவ்வளவு நீளம் ஓட வேண்டிய கனமான பிஸ்டனை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு விரட்ட முடியாது. விரட்டினால் அதிர்விலேயே இன்ஜின் கெட்டுப்போகும். ஆகவே அந்த வண்டியால் உங்கள் வேகத்தில் போக முடியாது என்பது சரி. ஆனால் அந்த நீண்ட ஓட்டமும், ஃப்ளைவீல் என்ற கனமான சுழல் சக்கரமும்தான் குறைந்த சுற்றிலேயே இழுவையைத் தருகின்றன. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, கியரை அடிக்கடி குறைக்காமல், கிளட்சை அதிகம் தொடாமல் மலை ஏறுகிறாரே, அது அந்த இன்ஜின் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலை. முடியாததைப் பெருமையாக்கிக்கொண்டதாக அதைச் சொல்ல முடியாது.

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020-ல் மீட்டியாரோடு வந்த புது 350 இன்ஜினின் உச்ச டார்க், அதாவது இழுவிசை, 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுற்றில். 2017 கடைசியில் வெளிவந்த முதல் ஆர்ஆர் 310-ன் உச்ச டார்க் 27.3 நியூட்டன் மீட்டர், 7,700 சுற்றில். இழுவிசை கிட்டத்தட்ட ஒன்றேதான். அது எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதே இழுவையை இரண்டு மடங்கு சுற்றில் எடுப்பதால் உங்கள் வண்டிக்கு 34 குதிரைத்திறன், மீட்டியாருக்கு 20. காங்கேயம் காளையை ஏரிலும் பூட்டுகிறார்கள், ரேக்ளாவுக்கும் பழக்குகிறார்கள். அந்த மாதிரிதான் இதுவும்.

சத்தமும் அப்படியே. உங்களுக்கும் ஒற்றை சிலிண்டர், அவருக்கும் ஒற்றை சிலிண்டர். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் ஐடிலாக நிற்கும் புல்லட்டில் நொடிக்கு எட்டு வெடிப்புதான். காது அதைத் தனித்தனி அடியாகவே கேட்கிறது. ஒன்பதாயிரம் சுற்றில் உங்கள் வண்டி நொடிக்கு 75 முறை வெடிக்கிறது. காதால் பிரிக்க முடியாமல் அது ஒரே இழுப்பான குரலாகிவிடுகிறது. அவர் "டப் டப்" என்று கொண்டாடுவதும் நீங்கள் ரெவ் ஏறும்போது சிலிர்ப்பதும் ஒரே வெடிப்பைத்தான். இரண்டுமே அழகு என்று நினைக்கிறேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு, இரவு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் அதை அலறவிடுபவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது சித்தப்பாவுக்கான பகுதி. வாய்ப்புக் கிடைத்தால் அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

புல்லட் நிதான வண்டியாகப் பிறக்கவில்லை. 1932-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் என்ஃபீல்டு நிறுவனம் அந்தப் பெயரில் முதல் வண்டியைக் கொண்டுவந்தபோது, உயர் அழுத்த பிஸ்டனும் காலால் மாற்றும் கியரும் கொண்ட விளையாட்டு வண்டியாகத்தான் அதை விற்றார்கள். இன்றைய புல்லட்டுக்கு மூதாதையான 350, பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வைத்த மாதிரி, 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில்தான் பெயர் வாங்கியது. வென்ற பிரிட்டிஷ் அணியில் அதை ஓட்டிய இருவருக்கும் தங்கப் பதக்கம். ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் புல்லட்டில் வென்றார். 1960-களின் நடுவில் அதே நிறுவனம் 250 சிசியில் கான்டினென்டல் ஜிடி என்று ஒன்றை விட்டது. தாழ்ந்த ஹேண்டில்பார், ஓட்டுபவர் முன்னால் குனிந்து உட்கார வேண்டிய அமைப்பு. இன்று நீங்கள் குனிந்து உட்காருவதைச் சித்தப்பா கிண்டல் செய்யக்கூடும். அறுபது வருடத்துக்கு முன்பு என்ஃபீல்டை வாங்கிய ஆங்கிலேய இளைஞர்களும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

பிறகு எப்படி அது பெரியவர்களின் வண்டியானது? சென்னையில்தான் அது நடந்தது. எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் படுத்துவிட்ட பிறகும் இங்கே அதே வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. யார் ஓட்டினார்கள்? ராணுவத்தார், இன்ஸ்பெக்டர், மிராசுதார், ஒப்பந்தக்காரர். அவர்கள் மேல் இருந்த பயமும் மரியாதையும் வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டன. புல்லட் என்றதும் நாம் "கம்பீரம்" என்கிறோமே, அதில் பெரும்பகுதி காக்கியிலிருந்தும் நிலத்திலிருந்தும் வந்தது.

அந்தக் கம்பீரத்துக்கு ஒரு கொடூரமான பக்கமும் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் புகார் கொடுத்தது, வழக்குப் பதிவானது. இந்த வண்டியில் யார் உட்காரலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தங்களுக்கு இருப்பதாக நினைக்கும் மனிதர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் சித்தப்பா அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "உள்ளே வேறு வண்டி வராது" என்று சட்டம் போடும் எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் எனக்கு மனம் கசக்கிறது. வண்டியை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் எங்கே போய் முடியும் என்று தெரிந்தவர்கள் அதை விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது.

வேக வண்டிகளின் வரலாறு இங்கே வேறு மாதிரி. 1985-ல் வந்து 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நினைத்துப் பாருங்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன், சின்ன உடம்பு. அப்பாவிடம் நிலம் இல்லாதவனும், கடன் போட்டு வாங்கி, சிக்னலில் எந்தப் பெரிய மனிதரின் வண்டியையும் பின்னால் விட முடிந்தது. அந்த மகிழ்ச்சியின் வாரிசுதான் நீங்கள். அதனால் வயசு வித்தியாசம் மட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கு, இல்லை என்றே சொல்வேன். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சாலையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற பழைய கணக்கு இந்தச் சண்டைக்குள் இருக்கிறது.

இந்தச் சண்டை பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே அதற்கு வயிற்றுப்பாட்டுக் காரணம் இருந்தது. 1969-ல் நாலு சிலிண்டர், முன் டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட்டோடு ஹோண்டா சிபி750 வந்தது. மில்வாக்கியின் ஹார்லி டேவிட்சன் திணறியது. 1983-ல் ரீகன் அரசு 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தியது. ஜப்பானியர்கள் 750-ஐ 699 சிசியாகக் குறைத்துக் கொண்டுவந்து விற்றார்கள். ஹார்லி தேறியது. கெடு முடிய ஒரு வருடம் முன்னதாகவே, 1987-ல், அந்த வரி இனி வேண்டாம் என்று தானே கேட்டது. வேலை பறிபோகுமோ என்ற பயத்தில் அங்கே தொழிலாளி ஜப்பான் வண்டியைப் பார்த்து முறைத்ததற்குப் பொருள் இருந்தது. நம்முடைய நிலைமை என்ன? ஒரகடம் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும் ஒரே தொழிற்பேட்டையில் இருக்கின்றன. உங்கள் ஆர்ஆர் 310 ஓசூரில் செய்யப்படுகிறது. இரண்டு வகை வண்டியாலும் சோறு சாப்பிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்கள். அந்த அமெரிக்க முறைப்பை மட்டும் இங்கே கொண்டுவந்து நாம் என்ன செய்யப் போகிறோம்?

உங்களுக்கும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். வேகம் உங்கள் உரிமை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டிகளில் வந்தவர்கள். மத்திய அரசின் அறிக்கை பெரும்பாலான சாவுகளுக்கு அதிவேகத்தையே காரணமாகக் காட்டுகிறது. வேகத்தை நேசிப்பது தப்பில்லை. நானும் நேசிக்கிறேன். அதற்கு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரத்தில், உலகப் போருக்குப் போட்ட விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. உங்கள் வண்டியை அதன் முழுக் குணத்தோடு ஓட்ட வேண்டுமானால் பயிற்சி வகுப்பில் சேர்ந்து அங்கே ஓட்டுங்கள். எதிரே பால் கேனோடு ஒருவர் திரும்புகிற சாலையில் 7,700 சுற்றை எட்டிப் பார்ப்பதில் எந்தத் திறமையும் இல்லை.

வண்டியை விற்க வேண்டாம். பிடிக்காத வண்டியை உறவுக்காக ஓட்டினால் இரண்டு வருடத்தில் வண்டியும் கசக்கும், உறவும் கசக்கும். சித்தப்பா வீட்டுக்கு நேரில் போங்கள். முந்திப் போனதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், ஆர்ஆர் வைத்திருப்பதற்கு வேண்டாம். அடுத்த முறை கொல்லிமலைக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து நீங்கள் முதலில் போகலாம், ஆனால் பத்து வளைவுக்கு ஒரு முறை, சாலை அகலமான இடத்தில் ஓரம்கட்டி, கடைசி வண்டி கண்ணில் படும் வரை நிற்க வேண்டும். வண்டிக்கும் சூடு தணியும். ஏறும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்ற விதியை எல்லோரும் கடைப்பிடியுங்கள். இறங்கும்போது சித்தப்பா முன்னே வரட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள். அவருடையது பழைய டிரம் பிரேக் என்றால், தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். அவர் இரண்டாம் கியரில் இன்ஜினைக் கொண்டே வேகத்தைக் கட்டுவார். எந்த வளைவுக்கு எவ்வளவு முன்னால் கையைத் தளர்த்துகிறார் என்று கவனியுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருக்கிற தைரியத்தில் நீங்கள் கற்காமல் விட்டது அதில் இருக்கலாம். உங்கள் மணிக்கட்டும் இறக்கத்தில் வலிக்கும். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் கைக்குப் பாரம் குறையும்.

2021 முதல் ராயல் என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 650 வண்டிகளுக்கென்றே ஒரு ரேஸ் தொடர் நடத்துகிறார்கள். அதன் முதல் சுற்று செட்டிபாளையத்தில்தான் ஓடியது. அடுத்து அங்கே ரேஸ் நடக்கும்போது, அது எந்த வண்டிகளின் ரேஸாக இருந்தாலும், இரண்டு டிக்கெட் எடுங்கள். ராசிபுரத்திலிருந்து அதிகாலையில் கிளம்பினால் காலை ரேஸுக்கே போய்விடலாம். சித்தப்பாவின் வேகத்திலேயே போங்கள்.