ஒரு லட்சம் ரூபாய்க்குள் வீட்டுக்குப் பின்னால் பெரிய அக்வாபோனிக்ஸ் அமைக்க முடியுமா?

வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது, கையில் ஒரு லட்சம் இருக்கிறது, கொஞ்சம் பெரிதாகவே போட ஆசை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அக்வாபோனிக்ஸ் என்றால் மீன் டேங்குத் தண்ணீரை ஜல்லி நிரப்பிய தொட்டிகளில் ஓடவிட்டு, அந்தச் சத்தில் செடி வளர்ப்பது. அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பொடக்காலியில் எட்டு ஜல்லித் தொட்டிகளோடு நான்காவது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செலவு ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை. ஆனால் கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ கூலி கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தம்பியும் செய்த வேலை அது.

பெரும்பாலானவர்கள் முதலில் டேங்க் வாங்குகிறார்கள், அப்புறம் அதில் எத்தனை மீன் விடலாம் என்று யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கணக்கை ஆரம்பிக்க வேண்டிய இடம் தீவனம். செடிக்குப் போகும் சத்து முழுக்க நீங்கள் மீனுக்குப் போடும் தீவனத்திலிருந்துதான் வருகிறது. மீன் தின்று கழிப்பது அம்மோனியா, அதை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரேட் ஆக்குகிறது, செடி அதை எடுத்துக்கொள்கிறது. கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், தக்காளி, கத்தரி மாதிரி காய்க்கும் செடிக்கு 50 முதல் 80 கிராம். உலக உணவு வேளாண் நிறுவனம் 2014இல் சிறிய அளவு அக்வாபோனிக்ஸுக்காக வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவு இது. எனக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு தொட்டி 1.2 சதுர மீட்டர், எட்டுத் தொட்டி என்றால் ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தீவனம் போக வேண்டும். ஓரளவு வளர்ந்த மீன் தன் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தின்னும். ஆக டேங்கில் 30 கிலோ சொச்சம் மீன் இருந்தால் போதும். 1000 லிட்டருக்கு 15 கிலோ என்று வைத்தால் 2000 லிட்டர். 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். கரண்ட் போனால் தாங்காது.

இதற்கு வேண்டியது இரும்புக் கூண்டுக்குள் வரும் வெள்ளை நிற 1000 லிட்டர் டேங்க் ஏழு. பழைய சாமான் கடைகளில் ஐபிசி டேங்க் என்று கேட்டால் தெரியும். இரண்டு மீனுக்கு, ஒன்று கீழே தண்ணீர் வந்து சேரும் சம்புக்கு. மீதி நான்கை மேலும் கீழும் வெட்டினால் ஒன்றிலிருந்து இரண்டு, ஆக எட்டுத் தொட்டி. எங்கள் திருப்பூர் வட்டாரத்தில் இந்த டேங்க் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே சாயப்பட்டறைகள்தான். உள்ளே என்ன ரசாயனம் வந்தது என்று தெரியாத டேங்க் பாதி விலைக்குக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. குளுக்கோஸ் சிரப்போ சமையல் எண்ணெயோ வந்த டேங்காகப் பாருங்கள். லேபிள் கிழிந்திருந்தால் வேண்டாம். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நான் ஏழு டேங்க் சேர்க்க மூன்று மாதம் ஆனது, ஒன்று 5500 ரூபாய். வெயில் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும் என்பதால் பழைய பிளக்ஸ் பேனரைக் கறுப்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி சுற்றிக் கட்டிவிட்டேன்.

ஜல்லிக்கு வருகிறேன். ஒரு தொட்டிக்கு 300 லிட்டர் வீதம் எட்டுக்கும் 2400 லிட்டர், அதாவது ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) கொஞ்சம் குறைவு. 20 எம்எம் ஜல்லி ஒரு லோடு இறக்கினால் வேலை முடிந்தது. இறக்கும் முன் நாலு கல்லை எடுத்து வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம். அப்புறம் கழுவுங்கள். கிரஷர் தூள் போகும்வரை கழுவுவது இந்த வேலையிலேயே அலுப்பானது, ஆனால் அதைத் தவிர்த்தால் பைப் அடைத்துக்கொள்ளும். ஜல்லியும் தண்ணீருமாக ஒரு தொட்டி 600 கிலோ வரை வரும். அதனால் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே சாலிட் பிளாக் அடுக்குங்கள்.

தண்ணீர் ஓடும் வழி இதுதான்: சம்பில் ஒரே ஒரு மோட்டார். அது மீன் டேங்குக்கு ஏற்றும். மீன் டேங்கில் வழிவது தொட்டிகளுக்குப் போகும், தொட்டிகள் சம்புக்கு வடியும். இதில் மீன் டேங்கின் மட்டம் ஒருபோதும் இறங்காது. வழியும் பைப்பை அடிவரை இறக்கி வைத்தால் கழிவையும் உறிஞ்சி எடுத்துப் போகும். மேல் வளைவில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை போட மறக்காதீர்கள். அந்தக் காற்றோட்டை இல்லாவிட்டால் அந்த பைப்பே சைபன் ஆகி டேங்கை அடிவரை காலி செய்துவிடும்.

சம்பு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். முதல் வருடம் நான்கு தொட்டிதான் இருந்தது. 200 லிட்டர் டிரம் போதும் என்று நினைத்தேன். ஒரு தொட்டி நிறைந்தால் ஜல்லிக்கு நடுவே 110 லிட்டர் பிடிக்கும். ஒன்று நிறையும்போது இன்னொன்று வடியும், அதனால் பிரச்சினை தெரியவில்லை. ஒரு ராத்திரி புதினா வேர் உள்ளே புகுந்து தண்ணீர் வரத்துக் குறைய, பெல் சைபன் (தொட்டி நிறைந்ததும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் குழாய் அமைப்பு) எதுவும் இழுக்கவில்லை. நான்கு தொட்டியும் நிறைந்தபடியே நின்றன. டிரம் வற்றி, மோட்டார் காய்ந்து ஓடிக் கருகிவிட்டது. விடிகாலை ஐந்தரைக்குப் போனபோது வழக்கமாகக் கேட்கும் அந்த சளசள சத்தம் இல்லை. டார்ச் அடித்தால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினோம். அம்மாவும் வந்து நின்று ஊற்றினார். அப்படியும் 17 மீன் போய்விட்டன, ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. எல்லாத் தொட்டியும் ஒரே நேரத்தில் நிறைந்தாலும் வற்றாத சம்பு வேண்டும். எட்டுத் தொட்டிக்கு 1000 லிட்டர்.

அன்றிலிருந்து மோட்டார் வேறு, காற்று வேறு என்று பிரித்துவிட்டேன். ஏர் பம்ப் பேட்டரியிலும் ஓட வேண்டும். நம் வெயிலில் தண்ணீர் 30 டிகிரிக்கு வந்தால் அதில் கரையும் ஆக்சிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான், மீனுக்கு ஐந்தாவது வேண்டும். இடைவெளி அவ்வளவுதான். மோட்டார் மணிக்கு 2000 லிட்டர் தூக்கினால் போதும், ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாமல், உங்கள் உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். என்னிடம் மோட்டாரும் ஏர் பம்பும் சேர்த்து 80 வாட். இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். வீட்டு மீட்டரில் சேரும்போது ஸ்லாப் மாறலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல நினைக்கிறேன். இந்த அமைப்பில் தண்ணீரை மாற்றுவதில்லை, ஆவியாவதை நிரப்புவதோடு சரி. ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் உப்பு ஏறிக்கொண்டே போகும். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வேறு எட்டிலேயே நிற்கும். பிஎச் 7இல் உள்ள அதே அளவு அம்மோனியா, பிஎச் 8இல் மீனுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு விஷம். செடிக்கு இரும்புச் சத்தும் கிடைக்காது. என் பாலக்கீரையில் முதல் மாதமே இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வந்தன. ஈடிடிஏ வகை இரும்பு உரம் இந்த பிஎச்சில் நிற்காது. இடிடிஹெச்ஏ வகை வாங்குங்கள். 6 சதவீதம் இரும்புள்ள சரக்கென்றால், மொத்தத் தண்ணீர் 4000 லிட்டருக்கு 130 கிராம். தண்ணீர் சிவக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரத்தில் புது இலை பச்சையாக வந்தது. நிரந்தர வழி மழைநீர்தான். 500 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் 460 லிட்டர் கிடைக்கும். நிரப்புவதற்கு அதையே பிடித்து வைக்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

மீனை அவசரப்பட்டு விடாதீர்கள். பாக்டீரியா ஜல்லியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகுதான் குஞ்சு. யாராவது ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தால் அவர்களிடம் இரண்டு வாளி ஜல்லி வாங்கிப் போடுங்கள், நாட்கள் குறையும். மீன் என்றால் ஜிலேபி, அதாவது திலேப்பியாதான் தாங்கும். அதில் கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத்தை வளர்க்க அனுமதி வாங்க வேண்டும்; மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு தருகிறேன் என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள். நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, ஒன்று தப்பி வாய்க்காலில் விழுந்தாலும் நம் ஊர் மீனுக்குக் கேடு. செடிக்கு நோய் வந்தால் மயில்துத்தம், போர்டோ கலவை எதுவும் கூடாது, தாமிரம் மீனைக் கொன்றுவிடும்.

செலவு, எனக்கு ஆன கணக்கில்: டேங்க் 38,500, ஜல்லி 5,000, பிளாக் 4,300, பைப்பும் வால்வும் 10,000, மோட்டாரும் ஏர் பம்பும் 9,000, இன்வெர்ட்டர் பேட்டரி 14,000, நிழல்வலையும் கம்பமும் 8,000, குஞ்சும் தீவனமும் 5,000, டெஸ்ட் கிட் 3,000. 97,000 பக்கம் வந்தது. உங்கள் ஊரில் விலை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். பணம் பற்றவில்லை என்றால் பேட்டரியில் கை வைக்காதீர்கள், தொட்டியைக் குறையுங்கள். எட்டுக்கும் சேர்த்து சம்பும் மெயின் பைப்பும் போட்டுவிட்டு மூன்று தொட்டியில் ஆரம்பிக்கலாம். மீதி இடத்தில் எண்ட் கேப் மாட்டி விடுங்கள். தீவன அளவு ஏற ஏற ஒவ்வொன்றாகச் சேருங்கள். வருமானத்துக்காக என்றால் இந்த அளவில் வேண்டாம், வீட்டுக்குக் கீரையும் மீனும் என்றால் மனநிறைவாக இருக்கும்.

டேங்க் தேடப் போகும் முன் உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து டிடிஎஸ்ஸும் (கரைந்துள்ள உப்பின் அளவு) பிஎச்சும் பார்த்து, அந்த இரண்டு எண்ணையும் கீழே எழுதுங்கள். எத்தனை தொட்டி போடலாம், எந்தக் கீரை வரும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.