பாலில் அடித்த கிவி கசப்பது ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது, சிங்கப்பூர் அங் மோ கியோவில் இருக்கிறேன். பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் மலம் போகிறது. மகள் பெட்டி பெட்டியாகக் கிவிப்பழம் வாங்கி வருகிறாள். பாலில் அடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடுகிறது. பழம் கெட்டதா? தினமும் சாப்பிடலாமா?

பதில்: பழம் கெடவில்லை அம்மா. கிவியில் ஆக்டினிடின் என்றொரு நொதி இருக்கிறது, அது பாலில் உள்ள புரதத்தை உடைத்துவிடும், அதனால்தான் கசப்பு. இனி பாலில் அடிக்காதீர்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, சின்னக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுங்கள், அந்தக் கறுப்பு விதைகளோடு. கல் மாதிரி இருந்தால் வாழைப்பழத்தோடு ஒரே பையில் போட்டு இரண்டு நாள் வையுங்கள், கனிந்துவிடும்.

உங்கள் மலச்சிக்கலுக்கு மகள் நல்ல பழமாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறார். நியூசிலாந்து, இத்தாலி, ஜப்பான் ஆகிய நாடுகளில் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் 2 பச்சைக் கிவி கொடுத்துப் பார்த்தார்கள்; மலம் இளக இசப்கோல் என்ற நார்த்தூளைக் கரைத்துக் குடித்தவர்களுக்குக் கிடைத்த அளவுக்குப் பலன் கிடைத்தது. இதன் நார் தண்ணீரை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மலம் இளகுகிறது. நீங்களும் தண்ணீர் குடிக்க வேண்டும், சரியா? மஞ்சள் கிவி இனிப்பாக இருக்கும், வைட்டமின் சி கூட அதிகம், ஆனால் நார் குறைவு. உங்களுக்குப் பச்சைதான்.

சர்க்கரைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு பழத்தில் சுமார் 6 கிராம் சர்க்கரைதான், அதுவும் மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். சோறு சாப்பிட்ட கையோடு சேர்க்காமல் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கிவி விலை ஏறும்போது தேக்கா சந்தையில் கொய்யா வாங்குங்கள், வைட்டமின் சி அதில் இன்னும் அதிகம்.

ஆனால் பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்களே, சிறுநீரகம் எப்படி இருக்கிறது? 2 கிவியில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அது உடம்பில் தேங்கிவிடும், அதனால் பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்களும் அப்படித்தான். நாக்கு அரித்தாலோ உதடு வீங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், இந்த மலச்சிக்கல் எப்போதும் உள்ளதா, சமீபத்தில் வந்ததா? சமீபத்தில் என்றால், அல்லது மலத்தில் ரத்தம் தெரிந்தால், எடை குறைந்தால், கிவியை நம்பி உட்கார்ந்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.