பனியன் கம்பெனிக்கு எதுக்குங்க மைக்ரோசர்வீஸ்?

பதினொரு வருஷமாகக் கோவையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியின் தொழில்நுட்பப் பொறுப்பு என் தலையில் இருக்கிறது. பனியன் கம்பெனி, பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில், லாரி ஆபீஸ், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்விகளை எடுக்கவில்லை. எனக்கே அது இன்னும் கேட்க வராது.

திருப்பூர், அப்பாவின் பனியன் கம்பெனியைப் பார்த்துக்கொள்பவர்: அண்ணா, நானும் கூடப் படித்த நண்பனும் சேர்ந்து ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்குக்கு ஒரு சாப்ட்வேர் எழுதி, அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்கும் விற்கலாம் என்று இருக்கிறோம். முதலிலிருந்தே மைக்ரோசர்வீஸாக, அதாவது தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்களாகப் பிரித்து எழுதணும் என்கிறான் நண்பன். சரிதானா?

எழுதப் போவது ரெண்டு பேர். அப்படியானால் ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். மெல்வின் கான்வே என்பவர் 1968-ல் ஒரு கட்டுரையில் சொன்னார்: ஒரு நிறுவனத்துக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் செய்யும் அமைப்பும் அதே அச்சில்தான் வரும் என்று. இருபது குழு இருக்கும் இடத்தில் இருபது சர்வீஸ் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் நீங்கள் ரெண்டு பேரும் எட்டு சர்வீஸ் வைத்துக்கொள்வது, சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு டெலிவரி சலான் போட்டு இட்லி அனுப்புவது மாதிரி. புரோகிராமுக்குள்ளேயே பில் பகுதி, சாயப் பகுதி, தையல் பகுதி என்று வேலி கட்டி, ஒரு பகுதியின் டேட்டாபேஸ் டேபிளில் இன்னொரு பகுதி நேராகக் கைவைக்காமல் பார்த்துக்கொண்டால், பின்னால் பிரிக்க வேண்டி வந்தாலும் பிரிக்கலாம்.

ஆனால் உங்களுக்கு வரப்போகிற தலைவலி இதில் இல்லை. எங்கள் முதல் பெரிய தப்பைச் சொல்கிறேன். சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போனால் 100 கிலோ திரும்பி வரணும், குறைந்தால் சிவப்பில் காட்டு என்று எழுதி வைத்திருந்தோம். முதல் நாளே திரை முழுக்கச் சிவப்பு. அங்கே இருந்த பழைய கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, பட்டறைக்குப் போன துணி எந்தக் காலத்துல அதே எடையில திரும்பி வந்துச்சு?" என்றார். பஞ்சில் இருக்கும் மெழுகும் எண்ணெயும் அழுக்கும் சலவையில் போய்விடும், எடை குறையும். அதற்குப் பெயர் பிராசஸ் லாஸ். கலருக்குக் கலர், துணிக்குத் துணி அது மாறும். எத்தனை சதவீதம் வரை பொறுத்துக்கொள்வது என்று பட்டறைக்கும் கம்பெனிக்கும் ஒரு பேச்சு இருக்கும். அதைத் தாண்டினால்தான் சண்டை. நாலு மாசம் எழுதியதில் அந்தப் பேச்சுக்கு ஒரு கட்டம்கூட வைத்திருக்கவில்லை நாங்கள்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் ஸ்டோரிலேயே போய் உட்கார்ந்தேன். நீங்கள் அதை முதலிலேயே செய்துவிடுங்கள். ஒரே ஒரு லாட் நூலை எடுத்துக்கொண்டு நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று அதன் பின்னாலேயே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். கம்பெனி ரிஜிஸ்டரில் எழுத முடியாததை அதில்தான் எழுதுவார். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் வீட்டுக் கம்பெனிதான் என்பதால் தருவார்கள். எனக்கு ரெண்டு டீ வாங்கிக் கொடுத்தபின்தான் கிடைத்தது.

திருப்பூர், பில்லிங் சாப்ட்வேர் எழுதுபவர்: 2025-ல் ஜிஎஸ்டி மாறியபோது ரெண்டு ராத்திரி தூங்கவில்லை. அடுத்த தடவையாவது தூங்க என்ன செய்யணும்?

செப்டம்பர் 22. அதுவரை ஆயத்த ஆடை ஒன்று 1,000 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதற்கு மேல் 12. அன்று முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. நிரலுக்குள் நாற்பது இடத்தில் ஆயிரம் என்று எண்ணை எழுதி வைத்தவர்கள் எல்லோரும் உங்களோடு சேர்ந்து விழித்திருந்தார்கள்.

வரி விகிதத்தைக் கோடிங்கில் எழுதாதீர்கள், டேபிளில் வையுங்கள். எச்எஸ்என் (சரக்கு வகைக்கான எண்), விலை வரம்பு, விகிதம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. கடைசி ரெண்டு கட்டங்கள்தான் உயிர். ஆகஸ்டில் 12 சதவீதம் போட்டு விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய 12 தான் வரணும். இன்றைய தேதியை எடுத்துக் கணக்குப் போட்டால் 5-ஓ 18-ஓ வந்து நிற்கும், ஆடிட்டர் போன் செய்வார். அதோடு, போட்ட விகிதத்தை அந்தந்த பில் வரியிலேயே பதிந்து வையுங்கள். பழைய பில்லை ஒருநாளும் மறுபடி கணக்கிடக் கூடாது. பணத்தை ஃப்ளோட்டில் (பைசாவைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்திருக்கிறீர்களா என்று நான் கேட்க மாட்டேன். வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சரவணம்பட்டி, கம்பெனி ஆரம்பித்தவர்: எனக்குக் கோடிங் தெரியாது. சிடிஓ, அதாவது தொழில்நுட்பத் தலைவர், சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அவர் சரியான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு கேள்வி கேளுங்கள்: "பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுத்துப் பார்த்தது கடைசியாக எப்போது?" பேக்கப் எடுக்கிறோம் என்பது பதில் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் நிரலைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் ராத்திரியில் ஒரு கோளாறைச் சரிசெய்யும்போது, வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சுதாரித்து நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது. பேக்கப்புக்கும் நகலுக்கும் ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஒன்றுகூட நினைத்தபடி வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நான் இதை அடிக்கடி சொல்வதற்குக் காரணம் அடுத்து அவர்கள் செய்தது. அந்த ஆளின் தலையை உருட்டவில்லை. நடந்ததை நடந்தபடி ஊரறிய எழுதினார்கள், மீட்கிற வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். உங்கள் சிடிஓ தன் குழு செய்த தப்பை உங்களிடம் எப்படிச் சொல்கிறார் என்று கவனியுங்கள். தப்புச் செய்த பையன் பெயரை முதலில் சொன்னால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான்.

அப்புறம், டொமைன் பெயரும் கிளவுட் கணக்கும் யாருடைய ஈமெயிலில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். எங்களுடையது, வேலையை விட்டுப் போன ஒரு தம்பியின் சொந்த ஈமெயிலில் மூன்று வருஷம் இருந்தது. நல்ல பையன், துபாயிலிருந்து ஓடிபி சொன்னான். எல்லோருக்கும் அப்படி அமையாது.

நாமக்கல், லாரி ஆபீஸ் வைத்திருப்பவர்: 400 வண்டிகளின் ஜிபிஎஸ் தகவல், 30 விநாடிக்கு ஒரு தடவை வருகிறது. வந்து குவியும் தகவலை வரிசையாக வாங்கி வைக்கும் காப்கா என்ற சாப்ட்வேரைப் போட்டால்தான் தாங்கும் என்கிறார்கள். கிளவுட் பில்லை நினைத்தாலே பயமாக இருக்கிறதுங்க.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 வண்டி, நிமிஷத்துக்கு ரெண்டு தகவல் என்றால் 800. விநாடிக்குப் பதின்மூன்று, பதினான்கு. ஒரு நாளைக்கு 11,52,000 வரிகள். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ் சர்வர் இதை அலட்டாமல் வாங்கிக்கொள்ளும். டேபிளை மாசம் மாசமாகப் பிரித்து வைத்து, பழைய மாசங்களை மலிவான இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். காப்கா நல்ல பொருள்தான். லிங்க்ட்இன் தனக்கு வந்து கொட்டிய தகவலுக்காகச் செய்து, 2011-ல் வெளியே விட்டது. உங்கள் வண்டிகள் அவ்வளவு பேசுவதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சிக்னல் இல்லாத காட்டுப் பாதையில் கருவி தகவலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை எடுத்துக்கொண்டால், ரெண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய லாரி ஒரே நிமிஷத்தில் எண்பது கிலோமீட்டர் பறந்ததாகக் காட்டும், பாவம் டிரைவரைத் திட்டுவீர்கள். கருவி பதிந்த நேரம், வந்து சேர்ந்த நேரம், ரெண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒரே தகவல் ரெண்டு தடவை வருவதும் உண்டு.

சேலம், புராஜெக்ட் மேனேஜர்: ஏப்ரலில் தர வேண்டியது ஆகஸ்ட் ஆகியும் முடியவில்லை. இன்னும் நாலு பேரைப் போடுகிறேன் என்கிறார் முதலாளி.

வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐபிஎம்மில் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார், தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. மஞ்சள் வெட்டுக்கு ஆள் கூடினால் காடு சீக்கிரம் முடியும். இங்கே புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்க, வேலை செய்துகொண்டிருப்பவர்தான் எழுந்து வரணும். நாலு பேருக்குள் பேச்சுவார்த்தை ஆறு ஜோடி, எட்டுப் பேருக்குள் இருபத்தெட்டு.

வாடிக்கையாளரோடு உட்கார்ந்து, முதல் நாள் கடை திறக்க எது இல்லாமல் முடியாது என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கு ஒரு தடவை முப்பது அம்சம் பதினொன்றாகக் குறைந்தது. மீதியில் பாதியை அதற்கப்புறம் அவர்கள் கேட்கவே இல்லை.

பொள்ளாச்சி, டீம் லீட் ஆகி மூன்று மாசம் ஆனவர்: பகல் முழுக்க மீட்டிங், ராத்திரி கோடிங். இது சரியாக வருமா அண்ணா?

வராதும்மா. கோடிங்கை விட வேண்டாம், ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிற வேலையைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சின்ன பக், சோதனைக் கருவி, ரிவ்யூ, இவை போதும். நான் ஒரு வருஷம் முக்கியமான பகுதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். குழுவில் நாலு பேர் எனக்காகக் காத்துக் கிடந்ததை யாரும் சொல்லவில்லை, மரியாதையாம்.

பீளமேடு, ஸ்டார்ட்அப் நடத்துபவர்: ஆளாக்கிவிட்டால் ரெண்டே வருஷத்தில் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். எப்படி நிறுத்துவது?

போகட்டுங்க. காலையில் வந்தே பாரத் ஏறினால் மதியம் பெங்களூரு, கதவைச் சாத்த முடியாது. சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது, பாண்டு போடுவது, இதெல்லாம் அசிங்கம். அப்படிப் பிடித்து வைத்த ஆள் நல்ல நிரல் எழுத மாட்டார். எங்களிடமிருந்து போனவர்களைக் கேட்டேன். முதல் காரணம் சம்பளம், அதில் நாம் தோற்போம். ரெண்டாவது காரணம், "நான் எழுதியதை யாரும் படித்ததே இல்லை." அது நம் கையில் இருக்கிறது. போகிறவருக்கு நல்லபடியாக விருந்து வைத்து அனுப்புங்கள். கல்யாணம், குழந்தை, பெற்றோரின் வயசு என்று சிலர் திரும்பி வருவார்கள். எங்கள் சீனியர்களில் ரெண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

ஈரோடு, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்: ஏஐ எழுதிக் கொடுப்பதைப் போட்டால் சீனியர் திட்டுகிறார். அவர் பழைய ஆளா?

நானும் அதைப் பயன்படுத்துகிறேன் தம்பி. ஒரு வரியை ஏன் வைத்தாய் என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியணும், அவ்வளவுதான். எங்கள் பையன் ஒருவன் சம்பளக் கணக்கை அப்படி எழுதி வாங்கினான். அழகான நிரல். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் ஓவர்டைம். திருப்பூரில் பன்னிரண்டு மணி நேர வேலையை ஒன்றரை ஷிப்ட் என்று எண்ணும் வழக்கம் இருப்பதை அவன் அதற்குச் சொல்லவில்லை, ஏனென்றால் அவனுக்கே தெரியாது. சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போதுதான் தெரிந்தது.

சோமனூர், டெவலப்பர்: அப்பா விசைத்தறி ஓட்டியவர். "நாள் பூராவும் உக்காந்துட்டு இருக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

எங்கள் வீட்டிலும் தறிதான். பாவில் ஒரு இழை அறுந்தால் தறி நின்றுவிடும் இல்லையா, அத்தனை இழைக்குள் அறுந்ததைக் கண்டுபிடித்து, முடிச்சுத் தெரியாமல் கட்டி, மறுபடி ஓட்டுவதுதான் என் வேலை என்று என் அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். அப்புறம், "சரி, அந்த நூலைப் பாவு போட்டது யாரு?" என்றார்.

நான்தான் என்று இன்னும் சொல்லவில்லை.